அந்த மஞ்சள் அழைக்கவில்லை

படத்துக்குக் கீழே எழுதப்படும் ஒரு வரி என்னை நீண்ட காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. படம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். புல்லிலோ தாழ்ந்த இலையிலோ ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இறக்கைகளைப் பரப்பி, வயிற்றை நேராக மேலே தூக்கியபடி இருக்கும். அதன் தலைக்கு மேல் இன்னொரு மஞ்சள் படபடத்துக்கொண்டிருக்கும். பின்னால் பச்சை மங்கிக் கரைந்திருக்கும். கீழே "வா என்கிறாள்" என்றோ "காதல் அழைப்பு" என்றோ ஒரு வரி, அதற்குக் கீழே வரிசையாக இதயக்குறிகள். இலங்கை மலையகத்தில் நம் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு பத்தனைப் புல்வெளியிலும் கான் என்னும் வடிகால் ஓரத்திலும் பூச்சி தேடி அலைவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஒரு காலத்தில் இந்த மலைகளின் பூச்சிகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் துரைமார். இன்று லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையின், வாசலில் வந்து உட்காரும் பூச்சியை லயத்துப் பிள்ளையே படமெடுத்து இனம் காண்கிறது. அதனால்தான் அந்த வரி பிழையாக இருப்பது எனக்கு வலிக்கிறது. அந்தப் பெண் பூச்சி யாரையும் அழைக்கவில்லை. வேண்டாம் என்கிறது.

இது என் சொந்த ஊகமில்லை. கோவா (முட்டைக்கோஸ்) செடியில் முட்டையிடும் சிறு வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளை வைத்து ஜப்பானில் யோஷியாக்கி ஒபாரா என்னும் ஆய்வாளர் 1964இலேயே இந்த நிலையை மறுப்பு நிலை என்று விவரித்து எழுதிவிட்டார். வெள்ளைகளும் மஞ்சள்களும் ஒரே குடும்பம். எங்கள் புல்வெளி மஞ்சள்களும் அதையேதான் செய்கின்றன. இந்தக் குடும்பத்தில் ஆண், பெண்ணின் பக்கத்தில் வந்து இறங்கி, தன் வயிற்றை வளைத்துக் கொண்டுபோய் அவளுடைய வயிற்று நுனியைப் பற்றியாக வேண்டும். இணங்கும் பெண் இறக்கைகளை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கும். பின்னிறக்கைகளின் இடையிலிருந்து வயிறு சற்றே வெளியே வரும். அவ்வளவுதான், பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. படமெடுக்கிறவர் கண்ணில் அது 'சும்மா உட்கார்ந்திருக்கும் பூச்சி'. மறுக்கும் பெண்ணோ இறக்கைகளைப் பரப்பி ஆண் பக்கவாட்டில் நெருங்க முடியாமல் செய்கிறது. வயிற்று நுனியைச் செங்குத்தாகத் தூக்கி அவனுக்கு எட்டாமல் வைக்கிறது. எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைப்பதை நாம் எடுத்து நீட்டுவதாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் நல்ல படக்காரர். அவருடைய படம் ஒன்றைப் பற்றித்தான் எங்களுக்குள் இந்தப் பேச்சு முதலில் வந்தது. "அண்ணே, அது உடம்ப அப்படித் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு வேற என்னண்ணே அர்த்தம்?" என்றார். ஒபாராவைச் சொன்னேன். கோவா வெள்ளை வேறு, நம் மஞ்சள் வேறு, ஜப்பான் வேறு, ஹப்புத்தளை வேறு என்றார். அவர் கேட்டது நியாயம். வேறு நாட்டில் வேறு பூச்சியில் ஒருவர் கண்டதை நம் வாசல் பூச்சியின் மேல் அப்படியே ஏற்றிவைக்கக் கூடாது. போய் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அல்பீசியா நிழலில்

எங்கள் பக்கத்தில் தேயிலைக்கு நிழலாக அல்பீசியா மரங்கள் நிற்கின்றன. விழுந்த விதைகள் கானோரத்தில் முளைத்து முழங்கால் உயரக் கன்றுகளாக இருக்கும். மஞ்சள்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெரிய மரத்தின் இலையிலும் கன்றின் இலையிலும் அவை முட்டையிடும். இங்கே முக்கியமாக இரண்டு இனத்தை நீங்கள் பிரித்தறிய வேண்டும். பறக்கும்போது இரண்டும் ஒன்றுதான்: எலுமிச்சை மஞ்சள், முன்னிறக்கை நுனியில் கறுப்புக் கரை. உட்கார்ந்து இறக்கையை மூடியபின் முன்னிறக்கையின் அடிப்புறத்தில், உடலை ஒட்டி நீளும் அறைக்குள் பாருங்கள். அங்கே சிறு பழுப்புக் குறிகள் இரண்டு இருந்தால் சாதாரணப் புல்வெளி மஞ்சள், மூன்று இருந்தால் முப்பொட்டு மஞ்சள். சாதாரண மஞ்சள் முட்டைகளைத் தனித்தனியாக இடும். முப்பொட்டு மஞ்சள் கூட்டமாக இடும், அதன் புழுக்களும் கூட்டமாகவே தின்று சில சமயம் அல்பீசியாக் கிளையை மொட்டையாக்கிவிடும். வெயில் காலத்தில் வெளிவரும் மஞ்சள்களில் அடிப்புறப் பழுப்புத் திட்டுகள் தடித்தும் மேலே கறுப்புக் கரை ஒடுங்கியும் இருக்கும், அதைக் கண்டு வேறு இனமென்று நினைக்க வேண்டாம். இந்த நுணுக்கங்களுக்குப் படம்தான் வேண்டும். இறக்கை அறைக்குள் இருக்கும் பொட்டை எண்ண, நண்பரின் காமராவை விட நல்ல கண் எனக்கில்லை.

முதல் நாள் மழை பெய்து ஓய்ந்து, காலை வெயில் ஏறியபின் நாங்கள் அங்கே போனோம். நண்பர், நான், என் அக்கா மகள். அவள் தரம் 9. பள்ளிக்கூட விடுமுறை, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கூட வந்தவள். கானோரக் கல்லில் மூவரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கன்று ஒன்றின் கீழ் இலையில் ஒரு மஞ்சள் வந்து உட்கார்ந்தது. இரண்டு பொட்டு. உட்கார்ந்த உடனேயே ஓர் ஆண் அவளைக் கண்டுகொண்டது. மேலே நின்று படபடத்தது, இறக்கையால் அவளைத் தொட்டுத் தொட்டு விலகியது. அவள் இறக்கைகளைத் தட்டையாக விரித்தாள், வயிறு மேலே போனது. நண்பர் காமராவைத் தூக்கினார். அவர் படத்தில் இருக்கும் அதே காட்சி. வழக்கமாகப் படம் இந்த இடத்தில் எடுத்து முடிந்துவிடும், எடுத்தவர் அடுத்த பூச்சிக்குப் போய்விடுவார். நாங்கள் போகவில்லை.

ஆண் பக்கத்தில் இறங்கி நடந்தது. வயிற்றை வளைத்துப் பார்த்தது. விரிந்த இறக்கையின் விளிம்பில் கால் வழுக்கிற்று. எழும்பி மீண்டும் மேலே படபடத்தது. மீண்டும் இறங்கியது. அவள் அசையவேயில்லை. கடைசியில் அது விட்டுவிட்டுக் கான் வழியே பறந்து போயிற்று. அவள் வயிற்றைத் தாழ்த்தி இறக்கையை மூடினாள். பிறகு இன்னோர் ஆண் வந்தது, மறுபடி அதே விரிப்பு, அதே தூக்கல். அப்போது பிள்ளை கேட்டாள்:

"புடிக்கலன்னா பறந்து போயிறலாம்ல மாமா? ஏன் அங்கனயே நிக்கிது?"

இந்தக் கேள்வியை நான் எந்தக் கட்டுரையிலும் கேட்டதாக நினைவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தேவை வரவில்லை, பூச்சியே சொல்லிவிட்டது. இரண்டாவது ஆண் போனதும் அவள் கிளம்பினாள். கானைக் கடப்பதற்குள் இரண்டு ஆண்கள் அவள் பின்னால் ஒட்டிக்கொண்டன. மூன்றும் சுற்றிச் சுற்றிப் பறந்தன, அவள் திடீரென்று புல்லுக்குள் விழுந்து இறக்கையைப் பரப்பினாள். இந்த ஆண்கள் ஓரிடத்தில் காத்திருப்பவை அல்ல, நாள் முழுக்க ரோந்து போகிறவை. படபடக்கும் மஞ்சள் எதுவானாலும் கிட்டே போய்ப் பார்க்கும், காற்றில் விழும் பழுத்த இலையைக்கூட விடாது. ஆகவே பறந்து தப்புவது என்பது இன்னும் பத்துப் பேர் கண்ணில் படுவது. நிற்பதே அவளுக்குக் குறைந்த செலவு.

புல்லுக்குள் அந்த இரண்டும் முயன்று பார்த்துவிட்டுப் போயின. அவள் சற்று நேரம் இருந்தாள். பிறகு மிகத் தாழப் பறந்து ஒரு கன்றுக்குப் போனாள். இலையைக் கால்களால் தட்டிப் பார்த்தாள். வயிற்றை இந்தத் தடவை கீழே வளைத்தாள். எடுத்தபோது அங்கே ஒரு முட்டை நின்றது: வெள்ளை, இரு முனையும் ஒடுங்கிய நீள முட்டை, இலைமேல் செங்குத்தாக. அடுத்த இலைக்குப் போனாள், அங்கே ஒன்று. பிறகு அடுத்த கன்று. ஏற்கெனவே கூடியவள். வயிறு நிறைய முட்டை வைத்துக்கொண்டு இடம் தேடுகிறவள். "அதுக்கு வேல கெடக்கு மாமா, இவனுங்க வேற" என்றாள் பிள்ளை. நண்பர் ஒன்றும் பேசவில்லை. முழங்காலை ஈர மண்ணில் ஊன்றி அந்த முட்டையை வெகு நேரம் படமெடுத்தார்.

எனக்கு ஒபாராவின் கட்டுரை அப்போதுதான் முழுதாக விளங்கிற்று. உடல்நிலையைத் தனியாகப் பார்த்தால் அதற்கு எந்த அர்த்தமும் சூட்டலாம். முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று சேர்த்துப் பார்க்கும்போது வேறு அர்த்தத்துக்கு இடமில்லாமல் போகிறது.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்று பிறகு யோசித்தேன். ஒரு பூச்சியின் பட வரிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் வேண்டாம் என்பதை வேண்டும் என்று படிக்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் பூச்சியோடு நிற்பதில்லை. பின்னாலேயே போனால் மனம் மாறும் என்று பாடம் நடத்திய எத்தனையோ சினிமாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பஸ் தரிப்பிடத்தில் அசையாமல் நிற்கும் பெண் பிள்ளையைப் பார்த்து 'அவளுக்கும் இஷ்டம்தான், இல்லாவிட்டால் போயிருப்பாளே' என்று பேசிய ஆண்களை நான் அறிவேன். பிள்ளை கேட்ட கேள்விக்குப் பூச்சி தந்த பதிலை அவர்களும் பார்த்திருக்கலாம். வண்ணத்துப்பூச்சி நமக்கு நீதி சொல்ல வந்த உயிர் என்று நான் நினைக்கவில்லை. அதன் வாழ்க்கை அதற்கு. ஆனால் அதைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு நம் பழைய கதையையே அதன் மேல் எழுதிவைத்தால், நாம் அதைப் பார்க்கவேயில்லை.

ஆண் எதைக் காட்டுகிறது

மேலே நின்று படபடக்கும் அந்த ஆண் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரியும் அந்த இறக்கையின் மேற்புறம், ஆணில், புற ஊதா ஒளியைக் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பளிச்சென்று திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளி அவள் கண்ணுக்கு எட்டும். ஆஸ்திரேலியாவில் டாரல் கெம்ப் இதே சாதாரணப் புல்வெளி மஞ்சளை வைத்து ஆராய்ந்து, புற ஊதாப் பளிச்சு மிகுந்த ஆண்களின் பக்கமே பெண்களின் விருப்பம் சாய்கிறது என்று 2008இல் காட்டினார். எனவே அந்தப் படபடப்பு ஒரு விண்ணப்பம். பார்த்து முடிவெடுக்கிறவள் கீழே இருக்கிறாள்.

வரியன்கள் என்னும் கோடு போட்ட வண்ணத்துப்பூச்சிகள் இதை வாசனையால் செய்கின்றன. பட்டிப்பொல, ஒஹிய பக்கம் காட்டோரமாக நடந்தால் புகைக்கறுப்பில் நீலம் பூசிய வெள்ளைக் கோடுகளோடு மெதுவாக மிதந்து போகும் வரியனைக் காண்பீர்கள். பரான்டிகா டாப்ரோபானா என்று அறிவியல் பெயர், உலகில் இலங்கையின் மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாதது. ஆணின் பின்னிறக்கையின் உள்மூலையில் கறுத்த திட்டு இருக்கும், பெண்ணில் இராது. ஆண் வரியன்களின் வயிற்று நுனிக்குள் மயிர்க்கற்றை இரண்டு ஒளிந்திருக்கின்றன. பெண்ணைத் துரத்திப் பிடித்ததும் அவற்றை விரித்து, அவள் உணர்கொம்புகளுக்கு மேலாக வாசனையைத் தூவும். இந்தக் குடும்பத்தின் அமெரிக்க இனமான 'குயின்' வண்ணத்துப்பூச்சியில் இந்த நடையைப் படிப்படியாக 1965இல் பதிவு செய்தார்கள். அந்த வாசனையின் முக்கியப் பொருளான டனைடோன் 1969 வாக்கில் அடையாளம் காணப்பட்டது. அது இல்லாத ஆணைப் பெண்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதும் அப்போதே தெரிந்தது.

எனக்கு இதில் வியப்பானது, அந்த வாசனையை ஆண் தன் உடம்பில் சும்மா உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பது. அதற்கான மூலப்பொருளைச் செடியிலிருந்து எடுக்க வேண்டும். தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை, ஈரமான கரைகளில் வெள்ளையாகப் பூக்கும் சில களைகள், இவற்றில் இருக்கும் கசப்பான நச்சுப்பொருள்தான் அது. வெட்டிப் போட்டு வாடிக்கிடக்கும் கிலுகிலுப்பையில் வரியன்கள் மொய்ப்பதைக் கண்டால் நின்று பாருங்கள். பூ இருக்காது, தேன் இருக்காது. காலால் சுரண்டி, உறிஞ்சி, மணிக்கணக்கில் கிடக்கும், அநேகமாக எல்லாம் ஆண்கள். அந்த நச்சு பறவைகளிடமிருந்தும் காப்பாற்றுகிறது, காதலுக்கும் உதவுகிறது. ஒரு காலத்தில் தேயிலைக்குப் பசளையாகக் கிலுகிலுப்பையை நட்டு வெட்டிப் புதைத்தார்கள். இப்போது கானோரக் களைகளுக்கெல்லாம் மருந்துதான். 2015இல் கிளைபோசேட் என்னும் களைகொல்லி தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டதை இங்கே எல்லோரும் அறிவோம். அந்த வாதத்தில் தொழிலாளியின் சுகமும் விளைச்சலும் பேசப்பட்டன, பேசப்படத்தான் வேண்டும். கருகிக் கிடக்கும் கரையில் ஆண் வரியன் ஒன்று எதைத் தேடி வருகிறது என்பதையும் நான் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நடப்பதும் இதோடு சேர்ந்ததுதான். துணி துவைத்த தண்ணீர் ஓடும் ஈர மண்ணில், மாட்டுக் கொட்டகை வாசலில், வெள்ளைகளும் நீலங்களும் அழகிகள் என்னும் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளும் கும்பலாக இறங்கி உறிஞ்சுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். தாகம் என்று நினைப்போம். அவை தேடுவது உப்பு. அங்கேயும் பெரும்பாலும் ஆண்கள்தான். சேர்த்த உப்பில் ஒரு பங்கு கூடலின்போது விந்துப் பொதியோடு பெண்ணுக்குப் போய், அங்கிருந்து முட்டைக்குப் போகிறது என்பது பல இனங்களில் காணப்பட்டிருக்கிறது. பீலிக்கரையில் கல்லெறிந்து அந்தக் கூட்டத்தைக் கலைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் எறிவதில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

சுழன்று ஏறும் இரண்டு

இன்னொரு படம் உண்டு, இதற்கும் 'காதல் நடனம்' என்று பெயர். இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு திருகாணியாக மேலே ஏறும். காட்டுப் பாதையில் வெயில் விழும் இடங்களில் பழுப்பு இனங்கள் இதைச் செய்யும். 1978இல் நிக் டேவிஸ் இங்கிலாந்துக் காட்டில் வெயில் திட்டுகளைப் பிடித்துவைத்திருக்கும் பழுப்பு ஆண்களைக் கவனித்து, இது இரண்டு ஆண்களின் இடச்சண்டை என்றும், முதலில் இருந்தவனே ஜெயிக்கிறான் என்றும் எழுதினார். அதைப் படித்தபின் நான் பலரிடம் 'அது சண்டை' என்றுதான் சொல்லி வந்தேன். 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கும் ஒரு கேள்வி வைத்தார்கள். இந்தப் பூச்சிகளிடம் கொம்புமில்லை, கொடுக்குமில்லை. சுற்றிப் பறப்பதால் எதிரிக்கு என்ன காயம்? பறக்கும் இன்னொன்று ஆணா பெண்ணா என்று தெரியாமலே இரண்டு ஆண்களும் ஒன்றையொன்று பெண்ணாக எண்ணிச் சுற்றுகின்றன என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. பழுத்த இலையையும் விடாத மஞ்சள் ஆணைக் கானோரத்தில் பார்த்தவர்களுக்கு அது எளிதில் பொருந்தும். ஆனாலும், அந்த வெயில் திட்டில் மறுபடி வந்து உட்காருவது யார் என்று இறக்கைக் கிழிசலை வைத்து அடையாளம் கண்டு பாருங்கள். பெரும்பாலும் பழையவனே வருவான். அதனால் டேவிஸ் கண்டதையும் நான் கைவிட மாட்டேன்.

எல்லா இனத்திலும் இப்படி நீண்ட விண்ணப்பம் இல்லை. தாட்பூட்டுக் கொடியை நம்பி வாழும் செம்பழுப்பு அக்ரேயாவின் உறவினங்களில் ஆண், பெண்ணை வானத்திலேயே மோதிப் பிடித்துக் கீழே விழுத்தும். கூடியபின் அவள் வயிற்று நுனியை ஒரு பசையால் அடைத்தும் விடும், அடுத்தவன் கூடாதபடி. இதைப் படம்பிடித்து என்ன வரி எழுதுவீர்கள்?

பெண்களின் பக்கம் இன்னும் பார்க்க வேண்டும். பதுளை, பசறை போல இறங்கிய இடங்களில் வாசலுக்கு வாசல் கறிவேப்பிலையும் தேசிமரமும் இருப்பதால் கறிவேப்பிலை அழகி எந்நேரமும் சுற்றும். ஆண் ஒரே உருவம், கறுப்பில் வெள்ளைப் பட்டி. பெண்ணுக்கு மூன்று உருவம். ஒன்று ஆணைப் போல, ஒன்று ரோஜா அழகியைப் போல, மற்றது சிவப்புடல் அழகியைப் போல. இந்த இரண்டு அழகிகளும் ஈசுரமூலிக் கொடியைத் தின்று நஞ்சேறியவை, பறவைகள் தொடுவதில்லை. அதனால்தான் கறிவேப்பிலை அழகியின் பெண் அவற்றைப் போல வேடமிடுகிறது. பெண்களின் இந்தப் பல உருவங்களைப் பற்றி இயற்கையியலாளர் வாலஸ் 1865இல் எழுதினார். 2014இல், பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டுக்குக் காரணமான 'டபுள்செக்ஸ்' என்னும் ஒரு மரபணுவே இதை நடத்துகிறது என்று கண்டார்கள். பிரித்தறிய ஓர் எளிய வழி: உடலைப் பாருங்கள். நஞ்சுள்ள இரண்டுக்கும் உடல் சிவப்பு, வேடக்காரிக்கு உடல் கறுப்பு. துரத்தினால் வேடம் கலையும், மெதுவான பறப்பு விட்டுப் போய் விர்ரென்று எழும்பிவிடும். ஆனால் கறிவேப்பிலை அழகியின் ஆண் மட்டும் கிட்டப் போனால் ஏமாறுவதில்லை, மூன்று உருவத்தையும் தன் இனமென்று அறிகிறது. நாங்கள் புத்தகத்தைப் புரட்டும் நேரத்தில் அது முடிவெடுத்துவிடுகிறது.

சிவனொளிபாதமலைக்கு மாசி, பங்குனியில் போகிறவர்கள் பாதையெங்கும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூச்சிகள் மேலே போவதைக் காண்பார்கள். பாதத்தைக் கும்பிட்டுவிட்டு உயிர்விடப் போகின்றன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அங்கே நின்று கவனித்தால் அவை ஒரே திசையில் நிற்காமல் போவதையும், ஒன்றையொன்று சுற்றி நேரம் கழிக்காததையும் காணலாம். அது பயணம். தேயிலைக் குன்றின் உச்சியில் ஆண்கள் மரத்துக்கு மரம் இடம்பிடித்துப் பெண்கள் ஏறி வரக் காத்திருப்பது வேறு. இரண்டும் மலையுச்சிதான், இரண்டுக்கும் ஒரே வரி எழுத முடியாது.

என்ன எழுதலாம்

நண்பருக்கும் எனக்கும் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. உணர்ச்சியான வரி இல்லாவிட்டால் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, பார்க்காவிட்டால் இந்தப் பூச்சிகளைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள் என்கிறார். 240க்கு மேற்பட்ட இனங்கள் உள்ள நாட்டில் பத்து இனத்தின் பெயராவது தெரிந்த பிள்ளைகள் வேண்டுமென்றால் முதலில் ஆசை வர வேண்டும் என்பது அவர் கட்சி. ஆசை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முட்டைக்கு இடம் தேடி நான்கு ஆண்களைத் தட்டிக்கழித்துக்கொண்டு போகும் அந்த மஞ்சளின் உண்மைக் கதை 'வா என்கிறாள்' என்பதை விட எந்த விதத்தில் உணர்ச்சி குறைந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் அந்த மறுப்புப் படத்தையும் முட்டைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிருக்கிறார், வரி எழுதாமல்.

என் பங்குக்கு நான் கேட்பது இது. வயிற்றைத் தூக்கிய மஞ்சளின் படம் உங்களிடம் இருந்தால் அதை அழிக்க வேண்டாம். எந்த இடம், எத்தனை மணி, வெயிலா மந்தாரமா, பொட்டு இரண்டா மூன்றா, எத்தனை ஆண்கள் வந்தன, யார் முதலில் விலகியது, அதற்குப் பிறகு அவள் எந்தச் செடிக்குப் போனாள் என்று பக்கத்தில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அடுத்த தடவை காமராவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். கையால் பிடிக்க வேண்டாம். பல இனங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, பிடித்துப் பார்க்க வேண்டியது எதுவும் இதில் இல்லை. ஊவாப் பக்கத்தில் ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மஞ்சள்கள் புல்லோடு ஒதுங்கிவிடும், கண்ணில் படுவது கடினம். மழை விட்ட சித்திரைக் காலைகளில் தொடங்குங்கள். அக்கா மகள் தன் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றில் தொடங்கிவிட்டாள். முதல் பக்கத்தில் அந்த நாளை எழுதி, 'பெண்: வேண்டாம். பிறகு முட்டை' என்று குறித்திருக்கிறாள்.